கீழ என்றால் எந்தப் பக்கம்

சேர்ந்த புதிதில் நான் அடிக்கடி ஆபீஸுக்கு ஓடினேன். கட்டடத்தின் ஏதோ ஒரு மூலையில் நின்று, யாருடைய பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "ஆபீஸ்... ஆபீஸ்..." என்று ஒரு குரல் வரும். மேனேஜர் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டை ஒரு கையால் அழுத்தியபடி, கம்பிக் கட்டுகளைத் தாண்டிப் போய்த் தகரக் கொட்டகை வாசலில் மூச்சு வாங்க நிற்பேன். அவர் டீ கிளாஸிலிருந்து நிமிர்வார்.

"என்னம்மா?"

"கூப்பிட்டீங்களாம் சார்."

"யார் சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று எனக்கும் தெரியாது.

கூப்பிட்டது யாரையும் அல்ல. கிரேனுக்குச் சைகை சொல்கிற சிக்னல்காரர், வாக்கிடாக்கியில் கிரேன் ஆபரேட்டரிடம் பேசுகிற பாஷை அது. 'ஆபீஸ்' என்றால் தூக்கு. 'ஆரியா' என்றால் இறக்கு. துறைமுகத்துப் பேச்சாம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களிடமிருந்து கிரேன் நிற்கிற ஊருக்கெல்லாம் போய்விட்டதாம். எந்த மொழி என்று கேட்டேன். ஒருவர் இந்தி என்றார், ஒருவர் போர்த்துக்கீசு என்றார், ஒருவர் "அது கிரேன் மொழிங்க" என்று முடித்துவிட்டார். எனக்கு அரைகுறையாக ஒன்றைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க வராது. சிக்னல்காரரிடமே போய்க் கேட்டேன். அவர் கோயம்புத்தூர் பக்கத்து ஆள்.

"அர்த்தமெல்லாம் தெரியாதுங்க அம்மிணி. சொன்னா தூக்குது. போதுமில்லீங்களா?" என்றார்.

நான் பொறியியல் முடித்து, அதற்குமேல் கட்டுமானப் பாதுகாப்பு என்று தனியாக ஒரு படிப்பும் படித்துவிட்டு வந்தவள். காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது, பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்றதும், எங்கள் ஊர் பூவத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகலாமே என்று துள்ளிக்கொண்டு சேர்ந்தேன். பழைய ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டே இருக்கும், அதன் பக்கத்திலேயே புதியது வளரும். அதுதான் இந்த வேலையின் கஷ்டம். எங்கள் கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே, கடல் பக்கமாக, தகரத் தடுப்பு போட்ட ஒரு நடைபாதை. கேட்டிலிருந்து பிரசவ வார்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். இந்தப் பக்கம் கான்கிரீட், அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்கள்.

'ஆபீஸ்' ஒழிந்ததற்கும் அந்தப் பாதைதான் காரணம். டாக்டரைப் பார்க்கச் சீட்டு போட வந்த ஒரு பெரியவர், குரலைக் கேட்டு ஆஸ்பத்திரி ஆபீஸில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தலைக்கு மேலே பலகைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டபோது, "ஆபீஸ் எந்தப் பக்கம்னு சொல்லாம வெளிய தள்றீங்களே" என்று என்னைத்தான் திட்டினார்.

மேனேஜர் மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னார். அவர் சென்னைக்காரர், எதையும் ஒரு தரம்தான் சொல்வார். "இங்க கிரேன்ல, சிக்னல்ல, எல்லாருக்கும் தமிழ் தெரியும். இனிமே தமிழ்லயே சொல்லுங்க. தூக்க மேல. இறக்க கீழ. திரும்பணும்னா கடல் பக்கம், ரோட்டுப் பக்கம். நிறுத்த நில்லு. அவ்ளோதான்." எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே வார்த்தைகளைப் பிரிண்ட் எடுத்து எல்லா வாக்கிடாக்கியின் முதுகிலும் ஒட்டினேன். இதைவிடத் தெளிவாக என்ன இருக்க முடியும்?

கிரேன் ஆபரேட்டர் திருவேட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பல வருடம் ஒரிசாவிலும் குஜராத்திலும் கிரேன் ஓட்டிவிட்டு, சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை என்றதும் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வந்தவர். காரணம் இருந்தது. அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம். மாதப் பரிசோதனை இதே ஆஸ்பத்திரியில். "அவ கீழ படுத்துருப்பா, நான் மேல ஒக்காந்துருப்பேன். ஒரே காம்பவுண்டுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார்.

"மேலேருந்து ஊரு தெரியுதா அண்ணே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"எங்க வீட்டுத் தென்னமரமே தெரியுதுங்க."

"வழியெல்லாம் தென்னமரம். உங்களுது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எது சொன்னபடி காய்க்காம நிக்குதோ, அது எங்களுது."

நல்ல மனிதர். நல்ல கையும்கூட. தொங்குகிற சுமை ஆடாமல் வந்து உட்காரும். அதனால்தான் அன்றைக்கு நடந்தது எனக்குப் புரியவே இல்லை.

மழைக்கு முன்னால் கட்டடத்தின் அடுத்த பகுதிக்கான அடித்தளக் குழியின் வேலையை முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்த வாரம். குழியில் நின்ற தண்ணீரை இறைத்து முடித்ததும், கம்பிக் கட்டுகளை நேரே குழிக்குள் இறக்கச் சொன்னார் மேனேஜர். அதுவரை கட்டுகளைத் தரையில் வைத்துப் பிரித்துக் கையால்தான் இறக்கினார்கள். குழிக்குள் கிரேன் இறக்குவது அன்றுதான் முதல்முறை. சிக்னல்காரர் குழிக்குள் நின்றார். கேபினிலிருந்து பார்த்தால் குழியின் வாய் தெரியும், அடி தெரியாது. ஆகவே எல்லாம் காதை நம்பித்தான்.

நான் குழியின் விளிம்பில் நின்றேன். கட்டு நிதானமாக வந்து, கிட்டத்தட்டத் தரைமட்டத்தில் நின்றது. என் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் சிக்னல்காரரின் குரல் கேட்டது: "கீழ... கீழ... இன்னும் கீழ போங்க."

கட்டு இறங்கவில்லை. கிழக்கே நகர்ந்தது. கடலைப் பார்த்து, மெதுவாக, அழகாக, ஆடாமல் போயிற்று. போய்த் தகரத் தடுப்பில் இடித்தது. நான்கைந்து தகரங்கள் வாழை மட்டை மாதிரி மடங்கிப் பாதைக்குள் சரிந்தன. "நில்லு, நில்லு" என்று சிக்னல்காரர் கத்தியபோதுதான் நின்றது.

நான் ஓடினேன். பாதையில் அப்போது ஒரே ஒரு பெண்மணிதான் வந்துகொண்டிருந்தார், யாருக்கோ பால் கொண்டுபோகிறவர். பின்னால் துள்ளியதில் கையிலிருந்த ஃபிளாஸ்க் விழுந்து உடைந்திருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த ஃபிளாஸ்க்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி கட்டுறீங்களா, ஆஸ்பத்திரிக்கு ஆள் சேக்குறீங்களா?" என்று கேட்டார். அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ப் பால் வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் கேட்டில் இன்னொரு குழப்பம். 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறோம். வாட்ச்மேன் சாக்பீஸும் துணியுமாக நின்றார். "அழிச்சுட்டுப் பூஜ்யம் போடவாம்மா, வேணாமா?" யாருக்கும் அடிபடவில்லை, ஆகவே விபத்து இல்லை. ஆனால் இது விபத்து இல்லையென்றால் வேறு என்ன? படிப்பில் இதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதைப் பலகையில் எழுத இடம் இல்லை. "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவே இல்லை.

கொட்டகைக்குள் மேனேஜர் இரண்டு பேரையும் எதிரே நிறுத்தியிருந்தார்.

"நீ என்ன சொன்னே?"

"கீழன்னு சொன்னனுங்க. இவரு கெழவறமா இழுத்துட்டுப் போயிட்டாருங்க," என்றார் சிக்னல்காரர்.

"கிழவியா? எந்தக் கிழவி?"

"கெழவறமுங்க. சூரியன் வர்ற பக்கம்."

"கிழக்குன்னு சொல்லுய்யா." மேனேஜர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"கீழன்னாங்க சார். கீழ போனேன்."

"எங்க கீழ போனே? பக்கவாட்டுல போயி தகரத்தை உடைச்சிருக்கே."

"கீழன்னாங்க, கீழதான் சார் போனேன்."

"தூங்கிட்டியா?"

"இல்ல சார்."

"தூங்கல. காது கேட்டுது. கீழன்னாங்க, கீழ போனே. ஆனா கட்டு கிழக்க போச்சு. இதுல யாரு பொய் சொல்றா, கட்டா?"

ஆபரேட்டர் திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்பதுபோல நின்றார். எனக்கும் அவர் பொய் சொல்வதாகத்தான் பட்டது. ஆனால் இவ்வளவு மட்டமான பொய்யை யாராவது சொல்வார்களா? கேபிள் சிக்கியது என்று சொல்லலாம், வாக்கிடாக்கி கரகரத்தது என்று சொல்லலாம். கிழக்கே போனதை எல்லோரும் பார்த்திருக்கும்போது கீழே போனேன் என்று யார் சொல்வார்?

அவர்கள் வெளியே போனதும் மேனேஜர் சொன்னார்: "தப்பு பண்ணா திருத்தலாம். பொய் சொல்ற ஆளைத் தலைக்கு மேல உக்கார வைக்க முடியாது. காலையில கேட்ல அவன் பாஸை வாங்கிக்கச் சொல்லப்போறேன். உனக்கு வேற காரணம் எதுனா தோணுச்சுன்னா அதுக்குள்ள வந்து சொல்லு."

வெளியே ஆபரேட்டர் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார். "திரும்ப ஒரிசாதாங்க," என்றார், நான் கேட்காமலே. "அவளுக்குக் கடைசி மாசம். புள்ளய போன்லதான் பாக்கணும்போல."

"என்னதான் அண்ணே ஆச்சு?"

"அதாங்க சொன்னேன். கீழன்னாங்க."

பூவம் போகிற வரை அந்த வார்த்தை ஹெல்மெட்டுக்குள் வண்டுபோலச் சுற்றியது. படித்ததில் எல்லாம் காரணத்தைத் தேடு, ஆளைத் தேடாதே என்றிருந்தது. நான் ஆளையும் தேடினேன், காரணத்தையும் தேடினேன், இரண்டும் அகப்படவில்லை.

வீட்டில் அம்மா புழுங்கல் அரிசி ஊறவைத்துக்கொண்டு, கொல்லைக் கதவு முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது, கிரைண்டர் இடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான நிக்கிற? அத கொஞ்சம் கீழ தள்ளு."

போனைப் பார்த்துக்கொண்டே கிரைண்டரை இடுப்பால் தள்ளினேன். கதவு திறந்துகொண்டது. அப்புறம்தான் நின்றேன். நான் எந்தப் பக்கம் தள்ளினேன்? கிழக்குப் பக்கம். எங்கள் ஊரில் கீழத் தெரு என்றால் கிழக்குத் தெரு. கீழக் கொல்லை என்றால் கிழக்குக் கொல்லை. மேல வீடு என்றால் மாடி அல்ல, மேற்கே உள்ள வீடு. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற பேச்சு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

"அம்மா, இப்ப என்ன சொன்ன?"

"தள்ளுன்னேன்."

"எந்தப் பக்கம்?"

"கீழ."

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். வெயில்ல நின்னு மூள கலங்கிடுச்சா?"

பரணிலிருந்து பெரிய தூக்குவாளியை எடுத்து, "இத எங்க வைக்க?" என்று கேட்டேன். "கீழ வை" என்றாள். தரையில் வைத்தேன். ஒரே அடுப்படி, ஒரே வார்த்தை. ஒருமுறை கிழக்கே போனேன், ஒருமுறை தரைக்குப் போனேன், இரண்டும் சரி. எனக்கு எப்படித் தெரிந்தது? தரையில் நிற்கிற சாமானுக்கு அதற்கும் கீழே இடம் இல்லை, ஆகவே கீழ என்றால் கிழக்கு. கையில் தொங்குகிற சாமானுக்கு முதலில் தரை. அப்படியானால் தரைமட்டத்துக்கு வந்துவிட்ட கம்பிக் கட்டுக்கு? குழியின் அடி தெரியாத கேபினிலிருந்து பார்க்கிறவருக்கு? சந்தோஷத்தில் தூக்குவாளியை உதைத்துவிட்டேன். அம்மா திட்டியது காதில் விழவில்லை.

காலையில் முதல் ஆளாகக் கொட்டகைக்குள் நுழைந்து மூச்சு விடாமல் சொன்னேன். மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, வெளியே நின்ற எல்லோரையும் கூப்பிட்டார். உள்ளூர்க் கம்பி கட்டுகிறவர்கள் சிலர், சிக்னல்காரர், பாஸைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்த ஆபரேட்டர்.

"எல்லாரும் கீழ எதுன்னு கை காட்டுங்க."

அத்தனை கையும் தரையைக் காட்டின. ஆபரேட்டரின் கையும்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபச் சிரிப்புகூட இல்லை, பாவம் பார்க்கிற சிரிப்பு. எனக்கு முகம் சூடேறியது. நேற்று அவ்வளவு உறுதியாக இருந்தது இப்போது எங்கே போயிற்று? அப்படிக் கேட்டால் நானும் தரையைத்தானே காட்டுவேன்? ஒன்றும் தோன்றாமல் கண்ணில் பட்டதைச் சொன்னேன். "அண்ணே, சாரோட டேபிள் வழிய மறிக்குது. கொஞ்சம் கீழ நகத்துங்களேன்."

ஆபரேட்டரும் ஒரு கம்பிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையைக் கிழக்கே இழுத்தார்கள். டீ கிளாஸ் தளும்பி லேப்டாப் ஓரத்தில் சிந்தியது. சிக்னல்காரர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். "ஏனுங்க, டேபிள் கீழதானுங்களே இருக்குது? இன்னும் எங்கீங்க கீழ வெக்கிறது?"

இழுத்தவர்கள் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று விழித்தார்கள். மேனேஜர் தன்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போய்விட்ட மேசையைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.

"சரி. ஆனா கிழக்குக்குத்தான் கடல் பக்கம்னு வேற வார்த்தை குடுத்தோமே. அது இருக்கும்போது கீழன்னா இறக்கறதுன்னு தெரிய வேணாமா?"

நியாயமான கேள்வி. "பழக்கம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் துணியால் லேப்டாப்பைத் துடைத்தார். "பாஸை மாட்டிக்கோ," என்றார் ஆபரேட்டரிடம். "பழையபடி ஆபீஸ், ஆரியா. அர்த்தம் இல்லாத வார்த்தைதான் நமக்குச் சரி, யாரும் வேற அர்த்தம் எடுக்க முடியாது. கிரேன் அந்தப் பக்கம் இருக்கும்போது பாதையை மூடிடணும். ஆளுங்களைச் சுத்தி விடுங்க. மேசையை எடுத்த இடத்துல வைங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாக்கிடாக்கி முதுகிலிருந்த என் காகிதங்களை நகத்தால் சுரண்டிக்கொண்டே ஆபரேட்டரிடம் கேட்டேன். "கீழன்னதும் கெழக்கன்னுதானே அண்ணே நெனச்சீங்க?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. பாஸைச் சட்டையில் குத்திக்கொண்டு யோசித்தார்.

"நீங்க சொல்லும்போது அப்படித்தாங்க தோணுது."

"அப்ப?"

"நேத்து காலையில அவ ஸ்கேனுக்கு வந்துருந்தா. கேபின்ல இருக்கும்போது போன் பண்ணா. லேசா வலிக்கிற மாதிரி இருக்கு, வார்டுக்குப் போறேன்னு. அந்தப் பாதையிலதான் வரணும். வர்றாளான்னு கடல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேனோ என்னமோ. கீழன்னு காதுல விழுந்துச்சு. கை போயிருச்சு. வார்த்தைக்குப் போச்சா, கண்ணு போன பக்கம் போச்சான்னு எனக்கே சொல்லத் தெரியலீங்க."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"அது சூட்டு வலியாம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

நான் சுரண்டுவதை நிறுத்தியிருந்தேன். அரைமணி நேரம் முன்னால் மேசையை நகர்த்தி நிரூபித்தது உண்மையா? மேசை விஷயம் உண்மை. கம்பிக் கட்டு விஷயம்? கட்டுக்கு வார்த்தை காரணமா, மனைவி காரணமா? இரண்டும் ஒரே திசையில் இருந்து தொலைத்தன. அவர் மறைக்கவும் இல்லை, கேட்டதும் சொல்லிவிட்டார். உள்ளே போய் இதை எந்த வாக்கியமாகச் சொல்வது என்று பார்த்தேன், ஒன்றும் கூடி வரவில்லை. கடைசியில் திரும்பப் போய், "சார், இனிமே கிரேன்ல போன் மேல போகக்கூடாது, ஏறும்போது என்கிட்ட குடுத்துடட்டும். நேத்து கேபின்ல அவருக்கு வீட்டுலேருந்து போன் வந்துருக்கு" என்றேன். இதைக் கேட்டு மறுபடியும் பாஸை வாங்கச் சொல்லிவிடுவாரோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மேனேஜர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். "அதை முதல்லயே வாங்கி வெச்சிருக்கணும். வாங்கிக்கோ," என்றார். பிறகு, "மேலன்னா எந்த மேல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆபரேட்டர் ஏறுவதற்கு முன் போன் என் பைக்கு வந்துவிடும். அடுத்த பரிசோதனை நாளில் அவர் மனைவி கேட்டில் இறங்கியதும் நானே போய்ச் சுற்றுப்பாதை வழியாகக் கூட்டிவந்து வார்டு வாசல் பெஞ்சில் உட்கார வைத்தேன். வட்ட முகம், களைப்பு, சிரிப்பு. "மேல இருக்காரா?" என்று கிரேனைப் பார்த்துக் கேட்டார். நான் வாக்கிடாக்கியில், "ஒக்காந்துட்டாங்க அண்ணே" என்றேன்.

"அம்மிணி, லைன்ல வேற பேச்சு வேண்டாமுங்க," என்றார் சிக்னல்காரர். ஒரு கணம் கரகரப்பு. பிறகு அவர் குரல் கணீரென்று வந்தது: "ஆபீஸ்... ஆபீஸ்..."

பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண், பெஞ்சைப் பிடித்து மெல்ல எழ ஆரம்பித்தார். "என்னையவா கூப்புடுறாங்க?"

"இல்லக்கா, அது தூக்கறதுக்கு," என்றேன். "நீங்க கீழ ஒக்காருங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சிலேயே கொஞ்சம் கிழக்கே நகர்ந்து உட்கார்ந்தார்.